கெர்னலில் பழைய நிரலை நீக்குவது: நெல்லைச் சீமை லினக்ஸ்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலோடு புழங்குகிறவர்கள் இரண்டு வகை. கல்லூரியில் படித்துக்கொண்டே கெர்னலுக்கு முதல் பேட்ச் (நிரல் மாற்றம்) அனுப்ப நினைப்பவர்கள் ஒரு வகை. அரிசி ஆலையிலும் எடைமேடையிலும் காற்றாலையிலும் வருடக்கணக்காக ஓடும் பெட்டிகளைக் கவனித்துக்கொள்பவர்கள் இன்னொரு வகை. பழைய நிரலை எடுப்பது எப்படி என்று முன்னவர் கேட்கிறார். எடுத்துவிட்டால் என் பெட்டி என்னாகும் என்று பின்னவர் கேட்கிறார். ஒருவருக்குச் சொல்லும் பதில் மற்றவருக்கும் தேவைப்படுவதால் எல்லாவற்றையும் சேர்த்தே தந்திருக்கிறோம்.

ஓடுகிற நிரலை ஏன் எடுக்க வேண்டும்? அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கட்டுமே?

கெர்னலுக்குள் எதுவும் சும்மா கிடப்பதில்லை. வெளியே இருக்கும் நிரல்களுக்குக் கெர்னல் கொடுத்த வாக்கு மாறாது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பகுதி இன்னொரு பகுதியை அழைக்கும் முறை அடிக்கடி மாறும். அப்படி மாறும்போதெல்லாம் பழைய முறையில் அழைக்கும் ஒவ்வொரு கோப்பையும் யாராவது திருத்தியாக வேண்டும். 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்புக்காக டைமர் அமைக்கும் முறை மாறியபோது, யாரிடமும் வன்பொருள் இல்லாத டிரைவர்களையும் (வன்பொருளை இயக்கும் நிரல்களையும்) சேர்த்தே திருத்தினார்கள். கோப்பு முறைமைகள் நினைவகப் பக்கங்களைக் கையாளும் விதம் ஃபோலியோ என்ற புதிய முறைக்கு மாறிவரும்போதும் இதே கதைதான். திருத்துகிறவரால் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது. கம்பைல் ஆகிறது என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். இப்படிப் பத்து முறை கண்ணை மூடிக்கொண்டு திருத்திய டிரைவர் ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இன்னொரு காரணம் பாதுகாப்பு. பயன்படுத்தாத மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றும் கெர்னல் துண்டு) ஆபத்தில்லாதது என்று நினைப்பது தவறு. சாதாரணப் பயனர் ஒரு குறிப்பிட்ட வகை சாக்கெட்டைத் திறக்கச் சொன்னாலே அதற்குரிய மாட்யூலைக் கெர்னல் தானாக ஏற்றிக்கொள்ளும். டிசிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறையில் 2017-ல் வெளிவந்த ஓட்டை இப்படிப்பட்டதுதான். அந்த நெறிமுறையைக் கேள்விப்படாதவர்களின் கணினியிலும் அதைக் கொண்டு ரூட் என்ற முழு அதிகாரம் பெற வழியிருந்தது. 2025-ல் வந்த 6.16 பதிப்பில் டிசிசிபி மொத்தமாக நீக்கப்பட்டது.

எது பழசு? எத்தனை வருடம் ஆனால் நீக்கலாம்?

வயது இங்கே அளவுகோல் அல்ல. சீரியல் போர்ட்டுக்கான 8250 டிரைவர் கெர்னலில் மிக மூத்தவற்றுள் ஒன்று. சர்வர் முதல் தொழிற்சாலைப் பெட்டி வரை இன்றும் அதுதான் ஓடுகிறது. யாரும் அதைத் தொடப் போவதில்லை. அதே சமயம் பத்து வருடம்கூட ஆகாத சிப்புக்கான டிரைவர், அந்த சிப் சந்தைக்கே வராததால் நீக்கப்பட்டதும் உண்டு.

பார்க்க வேண்டியவை மூன்று: பயன்படுத்துகிறவர் உண்டா, கவனித்துக்கொள்கிறவர் உண்டா, அதே வேலையைச் செய்யும் வேறு நிரல் வந்துவிட்டதா. மூன்றாவதற்கு உதாரணம் ஈஎக்ஸ்டி3 என்ற கோப்பு முறைமை. 2015-ல் வந்த 4.3 பதிப்பில் அதன் தனி நிரல் போய்விட்டது. ஆனால் ஈஎக்ஸ்டி4-இன் நிரலே ஈஎக்ஸ்டி3 வட்டுகளைப் படித்து எழுதுவதால் எவருடைய வட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழைய ஐடிஇ வகை வட்டுகளுக்கான டிரைவர்கள் 2021-ல் 5.14 பதிப்பில் நீங்கியதும் இப்படித்தான். அந்த வன்பொருளை லிப்ஏடிஏ என்ற புதிய நிரல் ஏற்கெனவே கவனித்துவந்தது.

யாரும் பயன்படுத்தவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

இந்த வேலையில் கடினமான பகுதி இதுதான். நிரலை அழிக்க ஒரு மணி நேரம் போதும். ஆள் இல்லை என்று காட்டத்தான் மாதங்கள் ஆகும்.

கெர்னல் மூலநிரல் கோப்பகத்தின் உச்சியில் இருக்கும் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் தொடங்குங்கள். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலைச்சொல் உண்டு. சப்போர்ட்டட் என்றால் சம்பளம் வாங்கிக்கொண்டு கவனிக்கிறவர் இருக்கிறார். மெயின்டெய்ன்ட் என்றால் ஆள் இருக்கிறார். ஆட் ஃபிக்சஸ் என்றால் எப்போதாவது பார்ப்பார். ஆர்ஃபன் என்றால் ஆளில்லை. அப்சொலீட் என்றால் இதற்கு மாற்று வந்துவிட்டது.

அடுத்து கிட் லாக், அதாவது மாற்ற வரலாறு. ஒரு கோப்பில் சென்ற மாதம்கூட கமிட் (பதிவான மாற்றம்) விழுந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கெர்னல் முழுவதையும் ஒரே அடியில் திருத்தும் கமிட்டுகள், எழுத்துப்பிழைத் திருத்தங்கள், உரிம வரிச் சேர்க்கைகள் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, "இந்த வன்பொருளில் இப்படி ஒரு கோளாறு வந்தது, சரிசெய்தேன்" என்று யாராவது கடைசியாக எழுதியது எப்போது என்று தேடுங்கள். சோதித்தவர் பெயர் சொல்லும் டெஸ்டட்-பை வரிகளும் நல்ல தடயம். எல்லாவற்றையும்விட வலுவான சான்று, அந்த டிரைவர் பல பதிப்புகளாக உடைந்தே கிடந்தும் யாரும் புகார் சொல்லாமல் இருப்பது. எந்தக் கமிட்டில் உடைந்தது, அது எந்தப் பதிப்பு என்பதைக் கண்டுபிடித்து விளக்கத்தில் எழுதிவிட்டால் விவாதம் பாதி முடிந்தது.

பிறகு டெபியன், ஃபெடோரா, ஓப்பன்சூசே ஆகிய டிஸ்ட்ரோக்களின் (லினக்ஸ் தொகுப்புகளின்) கெர்னல் கான்ஃபிக் கோப்புகளில் அந்த விருப்பம் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எவரும் இயக்கவில்லை என்றால் பயனர் குறைவு. இயக்கியிருந்தாலும் பயனர் இருக்கிறார் என்று பொருளில்லை, ஏனென்றால் டிஸ்ட்ரோக்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் மாட்யூலாகப் போட்டுவிடும். ரவுட்டர், தொழிற்சாலைப் பெட்டி போன்றவற்றுக்கு ஓப்பன்டபிள்யுஆர்டி, பில்ட்ரூட், யாக்டோ ஆகியவற்றையும் பார்க்காமல் விடக்கூடாது. அந்த டிரைவரின் சாதனக் கோப்பையோ ஐஆக்டில் என்ற கட்டளை எண்ணையோ பயன்படுத்தும் யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே ஓடும்) நிரல்கள் உண்டா என்று டெபியனின் மூலநிரல் தேடுதளத்தில் தேடலாம்.

இத்தனையும் செய்த பிறகு மின்னஞ்சலில் பொதுவில் கேட்கிறீர்கள், யாரும் பதில் சொல்லவில்லை. அதையும் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாமிரபரணிக் கால்வாயில் ஒரு மடை கார் பருவத்தில் காய்ந்து கிடக்கிறது என்று அடைத்துவிட்டால், பிசானப் பருவத்தில் கடைமடைக்காரர் வந்து தண்ணீர் எங்கே என்று கேட்பார். கெர்னலின் கடைமடைக்காரர் அஞ்சல் பட்டியலைப் படிப்பதில்லை. டிஸ்ட்ரோவின் வழியாக, இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் உங்கள் மாற்றம் அவர் பெட்டிக்குப் போய்ச் சேரும். அறிவிப்புக்கும் நீக்கத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு நீண்டகாலப் பதிப்பாவது (பல வருடம் பராமரிக்கப்படும் பதிப்பு) வரட்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அறிவித்து நீக்கும் முறைக்கு ஒழுங்கான அட்டவணை உண்டா?

ஒரு காலத்தில் இருந்தது. நீக்கப் போகும் வசதிகளைத் தேதியோடு பட்டியலிட்ட கோப்பு ஒன்று ஆவணக் கோப்பகத்தில் இருந்தது. தேதிகள் கடந்தும் யாரும் கவனிக்காததால் 2012-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் கோப்பையே நீக்கிவிட்டார். கம்பைல் செய்யும்போது "இது வழக்கொழிந்தது" என்று எச்சரிக்கை தரும் குறியீடும் பலன் தரவில்லை. எச்சரிக்கைகள் திரையை நிறைத்தன, திருத்துகிறவர் யாருமில்லை. இப்போது அந்தக் குறியீடு எச்சரிக்கையே தருவதில்லை.

இன்று ஒவ்வொரு பகுதிக்காரரும் தமக்கேற்ற முறையை வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கணிப்பில் நன்றாகச் செய்தவர்கள் எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் குழுவினர். அதன் பழைய வி4 வடிவம் வழக்கொழிந்தது என்று 2020-ல் அறிவித்தார்கள். 2025 செப்டம்பரிலிருந்து இயல்பில் அணைத்திருக்கும், 2030 செப்டம்பரில் நிரல் நீங்கும் என்று அப்போதே ஆவணத்தில் எழுதிவைத்தார்கள். பத்து வருட அவகாசம், இடையில் ஒரு படி. அந்த இடைப்படிதான் முக்கியம். அணைத்துவைத்தால் உண்மையான பயனர் அப்போதே குரல் கொடுப்பார், ஒரு கான்ஃபிக் விருப்பத்தை மாற்றினால் அவர் பெட்டி மறுபடி ஓடும்.

(2015-க்கு முன்பு உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ் வட்டு உங்களிடம் இருந்தால் எக்ஸ்எஃப்எஸ்-இன்ஃபோ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். சிஆர்சி மதிப்பு 0 என்று வந்தால் அது வி4. இருந்த இடத்திலேயே வி5 ஆக மாற்ற வழியில்லை. நகலெடுத்து, புதிதாக ஃபார்மேட் செய்து, திரும்ப ஏற்ற வேண்டும்.)

வேறு சில வழிகளும் உண்டு. டிரைவரை ஏற்றும்போது ஒரே ஒருமுறை கெர்னல் செய்திகள் விழும் டிமெசேஜ் பதிவில் எச்சரிக்கை அச்சிடலாம். கெர்னலின் விருப்பப் பட்டியலான கே-கான்ஃபிக்கில் ப்ரோக்கன் என்ற நிபந்தனையின் கீழ் வைக்கலாம். தரம் எட்டாத நிரல்களுக்கான ஸ்டேஜிங் கோப்பகத்துக்கு மாற்றலாம். இர்டா என்ற அகச்சிவப்புத் தொடர்பு நிரல் 4.14-ல் ஸ்டேஜிங்குக்குப் போய் 4.17-ல் நீங்கியது.

நீக்கும் பேட்ச்சை எப்படி அமைப்பது?

ஒரே பேட்ச்சில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். நீக்கப் போகும் பகுதியை அழைக்கிறவர்களை முதலில் எடுங்கள். அடுத்து டிரைவர். அதற்குப் பிறகு அது மட்டுமே பயன்படுத்திவந்த உதவிச் செயற்கூறுகளும் தலைப்புக் கோப்புகளும். ஒவ்வொரு படியிலும் கெர்னல் முழுதாக பில்ட் ஆக வேண்டும். இடையில் ஒரு படி உடைந்திருந்தால், பின்னாளில் வேறு ஏதோ கோளாறு எந்தக் கமிட்டில் வந்தது என்று தேடி கிட் பைசெக்ட் ஓட்டுகிறவர் அங்கே வந்து மாட்டிக்கொள்வார்.

மூலக் கோப்புகளை அழித்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. மேக்ஃபைல் வரி, கே-கான்ஃபிக் பதிவு, மெயின்டெய்னர்ஸ் பகுதி ஆகியவற்றை எடுக்க மறந்துவிட வேண்டாம். ஆவணக் கோப்பையும், அதைச் சுட்டும் உள்ளடக்கப் பட்டியல் வரியையும் எடுங்கள். வரியை விட்டுவிட்டால் ஆவண பில்ட் எச்சரிக்கும். பூட் வரி அளவுருக்களின் ஆவணத்தில் அந்த டிரைவரின் பதிவு, ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் உள்ள டெஃப்கான்ஃபிக் (இயல்பு அமைப்பு) கோப்புகளில் அந்த விருப்பம், செல்ஃப்டெஸ்ட் கோப்பகத்தில் அதற்கான சோதனை என்று தேடிக்கொண்டே போங்கள். கான்ஃபிக் பெயரை வைத்து கிட் கிரெப் ஓட்டினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். செக்-கேகான்ஃபிக்-சிம்பல்ஸ் என்ற பைத்தான் ஸ்கிரிப்ட் கெர்னலோடே வருகிறது. எங்கும் வரையறுக்கப்படாத கான்ஃபிக் பெயரை யார் இன்னும் சுட்டுகிறார்கள் என்று அது காட்டிக்கொடுக்கும்.

கெர்னல் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் வழியாக ஏதாவது தந்துகொண்டிருந்தால், ஏபிஐ ஆவணத்தில் அதன் விளக்கத்தை ரிமூவ்ட் கோப்பகத்துக்கு மாற்றுங்கள். அந்த டிரைவரை எழுதியவரின் பெயர் மெயின்டெய்னர்ஸ் கோப்பிலிருந்து போகும்போது கிரெடிட்ஸ் கோப்பில் சேர்த்துவிடுங்கள். வருடக்கணக்காக உழைத்தவருக்கு அந்த மரியாதையாவது வேண்டும்.

கமிட் விளக்கத்தில் நீங்கள் திரட்டிய சான்றுகளையெல்லாம் எழுதுங்கள்: வன்பொருள் விற்பனை எப்போது நின்றது, கடைசி உண்மையான திருத்தம் எந்தக் கமிட், மாற்று எது, யாரிடம் கேட்டீர்கள். "பழசு, நீக்குகிறேன்" என்ற ஒரு வரி விளக்கம் திரும்பி வந்துவிடும்.

அனுப்பும் முன் பேட்ச்சைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும் எல்லா முகவரிக்கும் அனுப்புங்கள். கிட் ஃபார்மேட்-பேட்ச் கட்டளைக்கு இர்ரிவர்சிபிள்-டிலீட் என்ற விருப்பம் உண்டு. அழித்த கோப்பின் முழு உள்ளடக்கத்தையும் மின்னஞ்சலில் கொட்டாமல் பெயரை மட்டும் காட்டும். அது இல்லாமல் பத்தாயிரம் வரிக் கோப்பை நீக்கும் மின்னஞ்சல், அளவு பெரிதென்று பட்டியலிலேயே நிற்கலாம். ஆனால் அப்படி அனுப்பிய பேட்ச்சை நேரடியாக அப்ளை செய்ய முடியாது. எனவே எடுத்துக்கொள்ள ஒரு கிட் கிளையின் முகவரியையும் கொடுங்கள். மின்னஞ்சல் வெற்று எழுத்தாக மட்டுமே இருக்க வேண்டும். கைபேசிச் செயலியிலிருந்து எச்டிஎம்எல்-ஆக அனுப்பினால் பட்டியல் ஏற்காது.

புதிய பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ இரண்டு வாரம் திறந்திருக்கும். அப்போது அனுப்பினால் பார்க்க ஆளிருக்காது. ஆர்சி1 (முதல் சோதனைப் பதிப்பு) வந்த பிறகு அனுப்பி, இரண்டு வாரம் பொறுத்து நினைவூட்டுங்கள்.

எதைத் தொடவே கூடாது?

யூசர்ஸ்பேஸ் பார்க்கும் எண்கள். சிஸ்டம் கால் (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) ஒன்று போனாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. 64-பிட் எக்ஸ்86-ல் 156 என்பது பழைய சிஸ்கண்ட்ரோல் அழைப்பு. 5.5 பதிப்பில் அதன் நிரல் போய்விட்டது. அந்த எண்ணை இன்று அழைத்தால் "இப்படி ஒரு அழைப்பு இல்லை" என்ற பிழை எண் வரும். பழைய நிரலுக்கு அந்தப் பிழை புரியும். அதே எண்ணில் வேறு வேலை நடந்தால் அந்த நிரல் தடம் புரண்டுவிடும். சாக்கெட் குடும்ப எண்களும் அப்படியே. 6.1-ல் டெக்நெட் என்ற நெட்வொர்க் நெறிமுறை போய்விட்டது, ஆனால் அதன் குடும்ப எண் 12 இன்னும் டெக்நெட்டின் பெயரில்தான் இருக்கிறது. ஐஆக்டில் எண்கள் ஒதுக்கீட்டு ஆவணத்திலும் பழைய பதிவை அழிக்க வேண்டாம்.

யூசர்ஸ்பேஸ் நிரல்களுக்கான யூஏபிஐ தலைப்புக் கோப்புகளை டிரைவரோடு சேர்த்து அழிப்பது ஆபத்து. யாரோ ஒருவரின் நிரல் அந்தக் கோப்பைச் சேர்த்துக்கொண்டு கம்பைல் ஆகிக்கொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பில்டில் வழக்கமாக எது உடையும்?

மறைமுகமாக வந்துசேரும் தலைப்புக் கோப்புகள்தான். நீங்கள் அழித்த தலைப்புக் கோப்பு, தனக்குள் இன்னொன்றைச் சேர்த்திருக்கும். சம்பந்தமே இல்லாத டிரைவர் ஒன்று அந்த வழியாக அதைப் பெற்றுக்கொண்டிருக்கும். உங்கள் எக்ஸ்86 கணினியில் நன்றாக பில்ட் ஆகும். ஆர்ம்மிலோ மிப்ஸிலோ உடையும். எனவே ஆல்மாட்கான்ஃபிக் (முடிந்ததெல்லாம் மாட்யூலாக), ஆல்நோகான்ஃபிக் (முடிந்ததெல்லாம் அணைத்து) இரண்டையும் ஓட்டி, கிராஸ் கம்பைலர் வைத்து இரண்டு மூன்று ஆர்க்கிடெக்சருக்காவது பாருங்கள். விருப்பங்களைத் தற்போக்கில் தேர்ந்தெடுக்கும் ராண்ட்கான்ஃபிக்கைச் சில முறை ஓட்டினால் எதிர்பாராத சேர்க்கைகள் அகப்படும். பட்டியலுக்கு அனுப்பிய பின் கெர்னல் டெஸ்ட் ரோபோ தானாகப் பல கான்ஃபிக்குகளில் பில்ட் செய்து, உடைந்தால் உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பும். அதற்குப் பதில் எழுத வேண்டாம், திருத்தி அடுத்த வடிவத்தை அனுப்பினால் போதும்.

இன்னொன்று கே-கான்ஃபிக்கில் ஒரு விருப்பம் வேறொன்றைத் தானாக இயக்கும் செலக்ட் வரி. நீக்கிய விருப்பம் வேறொன்றை செலக்ட் செய்து உயிரோடு வைத்திருந்திருக்கலாம். அது அணைந்துவிட்டால் வேறு எங்கோ லிங்க் பிழை வரும்.

எங்கள் ஊர் இணையத்தில் கெர்னல் மூலநிரல் இறங்கி முடிவதற்குள் அறுந்துவிடுகிறது. டெப்த் 1 (கடைசி கமிட் மட்டும்) போட்டுக் கிளோன் செய்யலாமா?

பில்ட் மட்டும் செய்ய அது போதும். நீக்கும் வேலைக்கு உதவாது, ஏனென்றால் வரலாறே வராது. கிட் லாக் ஒரே ஒரு கமிட்டைக் காட்டும். கெர்னல் டாட் ஆர்க் தளம் முழு வரலாற்றையும் கிளோன் பண்டில் என்று ஒரே கோப்பாகத் தருகிறது. சாதாரணக் கோப்பு என்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடு முறையில் இறக்கலாம், கரண்ட் போனாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இறங்கியதும் அதிலிருந்து கிளோன் செய்து, ரிமோட் முகவரியை மாற்றி, மிச்சத்தை கிட் ஃபெட்ச் செய்துகொள்ளுங்கள். மூலத்துக்கும் ஆல்மாட்கான்ஃபிக் பில்டுக்கும் சேர்த்து 30 ஜிபி இடம் ஒதுக்கி வையுங்கள். முந்தைய கம்பைல் முடிவுகளைச் சேமிக்கும் சிகேஷ் நிறுவிக்கொண்டால் இரண்டாவது பில்டிலிருந்து நேரம் மிச்சமாகும்.

முழு டிரைவரை நீக்குவது பெரிய வேலையாகத் தெரிகிறது. மாணவர்கள் எதில் தொடங்கலாம்?

வழக்கொழிந்த செயற்கூறுகளை மாற்றுவதில். ஆவணங்களின் ப்ராசஸ் கோப்பகத்தில் டெப்ரிகேட்டட் என்ற கோப்பு இருக்கிறது. எதை ஏன் பயன்படுத்தக் கூடாது, பதிலுக்கு எது என்று அதிலேயே எழுதியிருக்கும். ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் எஸ்டிஆர்எல்கபி இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றப்பட்டு, அழைக்கிறவர் ஒருவரும் மிஞ்சாத நிலையில் 2024-ல் 6.8 பதிப்பில் நீங்கியது. அளவு முன்பே தெரியாத அரேக்களை ஸ்டேக்கில் வைக்கும் வழக்கமும் 4.20-ல் இப்படித்தான் ஒழிந்தது.

இது தேடி மாற்றும் வேலை என்று நினைத்தால் கெட்டது. இன்னொரு பழைய செயற்கூறான எஸ்டிஆர்என்கபி மீதமுள்ள இடத்தையெல்லாம் சுழியத்தால் நிரப்பும். பதிலுக்கு வரும் எஸ்டிஆர்எஸ்கபி நிரப்பாது. நகலெடுத்த ஸ்ட்ரக்ட் அப்படியே யூசர்ஸ்பேஸுக்குப் போனால், நிரப்பாத இடத்தில் கெர்னல் நினைவகத்தின் பழைய உள்ளடக்கம் வெளியே கசியும். அங்கெல்லாம் எஸ்டிஆர்எஸ்கபி-இன் பேட் என்று முடியும் வடிவத்தைத்தான் போட வேண்டும். திருப்பித் தரும் மதிப்பும் வேறு. எஸ்டிஆர்எல்கபி மூலத்தின் நீளத்தைத் தரும்; எஸ்டிஆர்எஸ்கபி இடம் போதாவிட்டால் எதிர்மறைப் பிழை எண் தரும். நீளத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய நிபந்தனையை அப்படியே விட்டுவிட்டால் பிழை கண்ணில் படாமல் போய்விடும். ஒவ்வொரு இடத்தையும் படித்துத்தான் மாற்ற வேண்டும். நிரலில் வடிவங்களைத் தேடி மாற்றும் காக்சினெல் கருவி இடங்களைக் கண்டுபிடிக்க நன்றாக உதவும். தீர்ப்புச் சொல்வது உங்கள் பொறுப்பு.

நீக்கிய பிறகு பயனர் வந்து நின்றால்?

திரும்ப வைக்க வேண்டும். தயக்கமே கூடாது. எச்8/300 என்ற ப்ராசசர் வகைக்கான ஆர்க்கிடெக்சர் நிரல் 3.13-ல் நீங்கி, ஆள் வந்ததால் 2015-ல் 4.2 பதிப்பில் திரும்பி, மறுபடி கவனிப்பாரற்று 2022-ல் 5.19-ல் போனது. இரண்டாம் முறை போனதை வைத்து, திரும்பி வந்தது வீண் என்று சொல்ல முடியாது. இடையில் அதைப் பயன்படுத்தியவர்களுக்கு அது வேலை செய்தது.

ஃப்ளாப்பி டிரைவர் 2019-ல் அநாதை என்று குறிக்கப்பட்டது. பிறகு ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டதால் தப்பியது.

சில சமயம் நிரலைத் திரும்ப வைக்காமலே தீர்க்கலாம். 2024-ல் 6.9-க்காக விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்-இன் பழைய டிரைவரை எடுத்தார்கள். என்டிஎஃப்எஸ்3 என்ற புதியது இருக்கிறதே என்ற நினைப்பு. ஆனால் பூட்டில் மவுன்ட் செய்ய வேண்டிய வட்டுகளின் பட்டியலான எஃப்எஸ்டேபில் பழைய பெயரை எழுதிவைத்தவர்களின் விண்டோஸ் பார்ட்டிஷன் மவுன்ட் ஆகவில்லை. அதனால் பூட் பாதியில் நிற்கும். பதிப்பு வெளியாகும் முன்பே, புதிய டிரைவர் பழைய பெயருக்கும் பதில் சொல்லும்படி செய்தார்கள். மாற்று இருக்கிறது என்று சொல்லும் எவரும் பெயர், மவுன்ட் விருப்பங்கள், பிழை எண்கள் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டே சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்திலிருந்து, எஃப்எஸ்டேபில் முக்கியமல்லாத வட்டுகளுக்கு, மவுன்ட் ஆகாவிட்டாலும் பூட் தொடரச் செய்யும் நோஃபெயில் விருப்பம் போட்டுவையுங்கள்.

எடைமேடையின் சீரியல் கேபிள், பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். இவை நின்றுவிடுமா?

நிற்காது. சீரியல், பேரலல் போர்ட் டிரைவர்கள் கெர்னலில் உள்ளன; யுஎஸ்பி-சீரியல் மாற்றிகளுக்கான எஃப்டிடிஐ, சிஎச்341, பிஎல்2303 டிரைவர்களும் உள்ளன. கவலைப்பட வேண்டியது பழைய தாய்ப்பலகையின் ஐஎஸ்ஏ கார்டுகளுக்குத்தான். பழைய ஐடிஇ வட்டுப் பெட்டியைப் புதிய கெர்னலுக்கு ஏற்றுகிறீர்கள் என்றால், எச்டிஏ என்றிருந்த வட்டு எஸ்டிஏ என்று வரும். முன்கூட்டியே எஃப்எஸ்டேபிலும் பூட்லோடரிலும் வட்டின் மாறாத அடையாளமான யூயூஐடி எழுதிவிடுங்கள்.

32-பிட் கணினிகள்?

கெர்னல் வேறு, டிஸ்ட்ரோ வேறு. கெர்னல் 386 ப்ராசசரை 2013-ல் வந்த 3.8 பதிப்பில் கைவிட்டது. லினஸ் 1991-ல் லினக்ஸைத் தொடங்கியதே 386-ல்தான். 486-ஐ நீக்கும் பேட்ச் தொடர் 2025 ஏப்ரலில் முன்வைக்கப்பட்டது. பென்டியமும் அதற்குப் பிந்தைய 32-பிட் ப்ராசசர்களும் அந்தத் தொடரின் இலக்கு அல்ல. ஆனால் டெபியன் தன் 13-ஆம் பதிப்பில் 32-பிட் எக்ஸ்86-க்குக் கெர்னலும் நிறுவியும் தருவதை நிறுத்திவிட்டது. டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை நீண்டகாலப் பராமரிப்பு உண்டு.

அரசு தந்த விலையில்லா மடிக்கணினி வைத்திருப்பவர்கள் முதலில் ப்ராசசர் விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளையை ஓட்டிப் பாருங்கள். அதில் 64-பிட் என்று வந்தால், நிறுவியிருப்பது 32-பிட் இயங்குதளமாக இருந்தாலும் ப்ராசசர் 64-பிட்தான். கவலையின்றிப் புதியதை நிறுவலாம்.

ரெய்சர்எஃப்எஸ் என்ற பழைய கோப்பு முறைமையில் வட்டு ஒன்று கிடக்கிறது. புதிய கெர்னல் படிக்க மறுக்கிறது.

2022-ல் வழக்கொழிந்ததாக அறிவித்து, 2025 ஜனவரியில் வந்த 6.13-ல் நீக்கினார்கள். 6.12 நீண்டகாலப் பதிப்பில் நிரல் உண்டு, ஆனால் உங்கள் டிஸ்ட்ரோ அதை இயக்கியிருக்க வேண்டும். 2022-க்கு முந்தைய லைவ் யுஎஸ்பி ஒன்றில் பூட் செய்து, வட்டை ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்து, ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி கொண்டு ஈஎக்ஸ்டி4 வட்டுக்கு நகலெடுங்கள். உரிமைகள், ஹார்ட்லிங்க், கூடுதல் பண்புகள் மூன்றையும் காக்கும் விருப்பங்களைச் சேர்க்க வேண்டும். வட்டில் கோளாறு தெரிந்தால் பழுதுபார்க்கும் கட்டளையை அசல்மேல் ஓட்டாதீர்கள். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு வட்டின் முழு நகல் எடுத்து, அதன்மேல் ஓட்டுங்கள்.

பழைய கெர்னலிலேயே இருந்துவிட்டால் என்ன?

பராமரிப்பு உள்ள பழைய கெர்னல் என்றால் தாராளமாக. இன்டெலின் இட்டேனியம் ப்ராசசருக்கான ஆதரவு 2024 ஜனவரியில் 6.7-ல் நீங்கியது, அந்த ப்ராசசரை வைத்திருப்பவர்கள் 6.6 நீண்டகாலப் பதிப்பில் தங்கினார்கள். ஆலைப் பெட்டிகளுக்கு லினக்ஸ் ஃபவுண்டேஷனின் சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் திட்டம் சில பதிப்புகளைப் பத்து வருடம் பேணுகிறது. அவர்களுடைய 5.10 பதிப்புக்கு 2031 ஜனவரி வரை அவகாசம். ஆனால் அவர்கள் திருத்துவது உறுப்பினர்கள் பயன்படுத்தும் பகுதிகளை. உங்கள் அபூர்வ கார்டு அதில் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

பராமரிப்பு நின்ற கெர்னல் என்றால் அந்தப் பெட்டியை இணையத்திலிருந்து பிரித்துவையுங்கள். எந்தக் கெர்னலானாலும் பயன்படாத மாட்யூல்களை ஏறவிடாமல் செய்யலாம். மாட்யூல்களை ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளையின் அமைப்பில் பிளாக்லிஸ்ட் வரி தானாக ஏறுவதை மட்டும் தடுக்கும். வேறு மாட்யூலின் தேவைக்காக ஏறுவதைத் தடுக்காது. இன்ஸ்டால் வரியில் ஃபால்ஸ் கட்டளையைக் கொடுத்தால் இரண்டும் நிற்கும்.

எங்களுக்கு வேண்டிய டிரைவரை நீக்கப் பேச்சு நடக்கிறது. ஆலைக்காரர் சொன்னால் கேட்பார்களா?

கேட்பார்கள். ஆனால் எங்களுக்கு வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தச் சாதனம், எத்தனை ஓடுகின்றன, எந்தக் கெர்னல் பதிப்பில், இன்னும் எத்தனை வருடம் தேவை என்று எழுதுங்கள். நீக்கம் முன்வைக்கப்பட்ட அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக, எல்லோருக்கும் போகும்படி அனுப்புங்கள். அப்போதைய ஆர்சி கெர்னலை அந்தப் பெட்டியில் ஏற்றி, ஓடியதா இல்லையா என்பதை டிமெசேஜ் பதிவோடு சொன்னால் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. ஒவ்வொரு பதிப்பிலும் ஆர்சி காலத்தில் ஒருமுறை, அதாவது ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை, சோதித்துச் சொல்ல முன்வந்தால் பெரும்பாலும் டிரைவர் தங்கிவிடும். ஆங்கிலம் தடையாக இருந்தால் சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். அங்கே இலக்கணம் பார்ப்பதில்லை. ஆலைக்காரருக்கு நேரமில்லை என்றால் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் அந்தப் பெட்டியில் சோதித்து, தன் பெயரில் டெஸ்டட்-பை வரி அனுப்பலாம்.